மைக் போட்ட ஒரு மூட்டை

விவசாயிகள் சங்கம் ஒதுக்கியது ஒரே ஒரு மணல் நிலத் துண்டு. பாதி அண்ணிக்கு, பாதி கொழுந்தனுக்கு. யாருடைய கேரட் நேராகவும் பருமனாகவும் விளைகிறதோ, அடுத்த பருவத்தில் முழு நிலமும் அவருக்கே. தோற்றால் அண்ணி பிறத்தியார் வயலில் களையெடுக்கப் போக வேண்டியதுதான். கொழுந்தனுக்கு அந்தக் கவலை இல்லை. மூன்று நாள் விவசாயப் பயிற்சி முடித்து, சான்றிதழைச் சட்டம் போட்டு வரவேற்பறையில் மாட்டியவர். எங்கே நாலு பேர் கூடினாலும் பேசத் தொடங்கிவிடுவதால் அவருக்கு மைக் என்றே பெயர்.

மைக் தன் பாதியில் வண்டி நிறைய ஈரச் சாணத்தைப் புதைத்து விதைத்தார். முளை வந்ததும் ஒரு மூட்டை யூரியாவை ஒரே காலையில் வீசினார். அதை வீடியோ எடுக்க ஆளும் வந்திருந்தது.

அண்ணி போட்டது போன வருஷம் மக்கிய பழைய எரு. அப்புறம் பதினைந்து நாளைக்கு ஒருமுறை, வரிசைக்கு ஒரு சாண் தள்ளிக் கோடு கிழித்து, கைப்பிடி உரம், மேலே கொஞ்சம் தண்ணீர்.

"என்ன அண்ணி, கோழிக்குத் தீனி தூவுறீங்களா?"

"மணலு சல்லடை தம்பி. மொத்தமா கொட்டினா தண்ணியோட கீழ போயிடும்."

"பயிற்சியில அப்படிச் சொல்லலியே!"

"சொன்னப்ப நீங்க முழிச்சிட்டு இருந்தீங்களா?"

ஐந்தாம் வாரம் பெருமழை கொட்டியது. மைக்கின் இலைகள் மஞ்சளாயின. அவர் அசரவில்லை, இன்னொரு மூட்டையை வீசினார். பத்தே நாளில் இலை முழங்காலைத் தாண்டியது. வழியில் போகிறவர்களை எல்லாம் நிறுத்திக் காட்டினார்.

மழை அண்ணியின் உரத்தையும் விட்டுவைக்கவில்லை. இடுப்பு ஒடிய அவள் முதல் வரிசையிலிருந்து மறுபடி தொடங்கினாள். மைக்கின் பாதியைப் பார்த்தபோது ஒரு நொடி கை உர மூட்டைக்குள் ஆழமாகப் போனது. உடனே வெளியே எடுத்து, மூட்டையின் வாயை இறுகக் கட்டினாள். இலையையா சங்கம் எடை போடப்போகிறது?

அறுவடை நாளில் சங்கச் செயலாளர் மைக்கின் வரிசையில் ஒன்றைப் பிடுங்கினார். இரண்டு கால். அடுத்ததற்கு மூன்று. அதற்கடுத்தது சுண்டுவிரல் பருமன்தான், ஆனால் கால்மேல் கால் போட்டிருந்தது.

"இது புது ரகம் சார்," என்றார் மைக்.

"ரகமா? இதுக்குக் கால்சட்டை தைக்கணும் போலிருக்கேய்யா!"

அண்ணியின் வரிசையில் பத்தைப் பிடுங்கினார். ஒன்பது நேராக, பருமனாக, சாண் நீளத்தில் வந்தன. செயலாளர் முழு நிலத்துக்கும் அவள் பெயரையே எழுதினார்.

மைக் தொண்டையைக் கனைத்தார். "இந்தப் பின்னடைவுக்கு மூணு காரணம்..." முதல் காரணம் முடியும் முன்பே அண்ணி அவருடைய பாதியில் இறங்கி, கேரட்டுக்குக் கால் முளைக்க வைத்த மக்காத சாணக் கட்டிகளை மண்வெட்டியால் உடைத்துக்கொண்டிருந்தாள். அடுத்த விதைப்புக்குள் அது மக்கியாக வேண்டும்.

"அண்ணி, நான் பேசிட்டிருக்கேன்!"

"தாராளமா பேசுங்க தம்பி. காலை மட்டும் கொஞ்சம் நகத்துங்க, அங்கயும் கிளறணும்."