சுப்பையன் அடைத்த கணவாய்

சுப்பையன் முப்பத்தைந்து வருடம் கொத்து வேலை பார்த்தவர். சுவரில் சந்து விட்டுவிட்டான் என்று ஒருத்தர் சொல்லிவிட்டால் போதும், அன்றைக்குச் சோறு இறங்காது. அந்த ரோஷம்தான் பெற்ற மகளின் மானத்தை வாங்கப் பார்த்தது.

மகள் செவ்வந்தி சூலூருக்கு அருகே ஓர் அரசுப் பள்ளியில் புவியியல் ஆசிரியை. வேலைக்குச் சேர்ந்து ஆறு மாதம்தான் ஆகிறது. பள்ளி மைதானத்தில் நீலகிரி முதல் ஆனைமலை வரை இடுப்பளவு உயரத்துக்குச் சிமென்டில் மலை எழுப்பவேண்டும் என்று தலைமையாசிரியையிடம் நடையாய் நடந்து அனுமதி வாங்கியிருந்தாள். நடுவில் பாலக்காட்டுக் கணவாய். மலைக்குக் கிழக்கே வரிசையாக எட்டுக் காகிதக் காற்றாடிகள். மேற்கேயிருந்து காற்று அடித்தால் கணவாய்க்கு நேரே நிற்கும் மூன்று மட்டும் சுற்றும். வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்குக் கல்வி அதிகாரி வந்து திறந்துவைப்பதாக ஏற்பாடு. கட்டும் பொறுப்பு சுப்பையனுடையது.

வெள்ளி காலை பத்து மணிக்கு மலைக்கு மேற்கே ஃபேனை வைத்துப் போட்டுப் பார்த்தாள் செவ்வந்தி. ஒரு காற்றாடிகூட அசையவில்லை. எட்டிப் பார்த்தவளுக்கு முகம் வெளிறிப் போயிற்று.

“அப்பா! இங்க இருந்த கணவாய் எங்கீங்க?”

“நேத்துப் பொழுதோட அடைச்சுப் பூசிப்போட்டேன் கண்ணு. நீ ரெண்டு தாள்ல ரெண்டு துண்டா வரைஞ்சு குடுத்தயா, சேக்க மறந்துட்டயாட்ட இருக்குதுன்னு நெனச்சேன்.”

“அது சந்து இல்லீங்கப்பா! கோடிக்கணக்கான வருசத்துக்கு முன்னால அந்த எடத்துல பாறை உரசி நொறுங்கிப் போச்சு. அப்புறம் மழையும் ஆறும் அரிச்சு வழி உட்டுருச்சு. அந்த வழி இல்லீன்னா நம்மூருக்கு இந்தக் காத்தே வராதுங்க.”

சொல்லும்போதே அவள் பார்வை கைக்கடிகாரத்துக்குப் போயிற்று. சுப்பையன் தான் பூசிய இடத்தைக் குனிந்து பார்த்தார். பிள்ளை ஆறு மாதம் பட்ட பாட்டை ஒரு கரண்டிக் கலவையில் மூடிவிட்டோமே!

பேச நேரமில்லை. வேட்டியை மடித்துக்கட்டி உளியையும் சுத்தியலையும் எடுத்தார். சொந்தப் பூச்சை அவர் கொத்துவது இதுதான் முதல் தடவை. ஒரு ராத்திரிதான் ஆகியிருந்தது. ஆனாலும் அவர் கைப்பூச்சு, லேசில் விட்டுக்கொடுக்குமா? கொத்தக் கொத்த, பூசினவனை அவரே நாலு வார்த்தை வைதுகொண்டார். தரைமட்டம் வரை கொத்தி முடித்து நிமிரவும் அதிகாரியின் ஜீப் வாசலில் திரும்பவும் சரியாக இருந்தது.

அந்த நேரம் பார்த்துக் கரண்ட் போயிற்று. ஃபேன் நின்றது. செவ்வந்தி அப்பாவைப் பார்த்தாள். அவர் வானத்தைப் பார்த்தார்.

ஆனி மாதம் அல்லவா? மேற்கேயிருந்து, வாளையாறு தாண்டி, நிஜக் கணவாய் வழியாக நிஜக் காற்று மைதானத்துப் புழுதியைக் கிளப்பிக்கொண்டு வந்தது. ஐந்து காற்றாடிகள் மலை மறைவில் சும்மா நின்றன. மூன்று மட்டும் விர்ரென்று சுற்றின. பிள்ளைகள் போட்ட கூச்சலில் அதிகாரி பேச வந்ததையே மறந்துவிட்டார்.

“யாரும்மா கட்டினது?”

“எங்கப்பாங்க, கொத்தனாருங்க. மழையும் ஆறும் கோடி வருசமாச் செஞ்ச வேலைய ஒரு மணி நேரத்துல முடிச்சுப்போட்டாருங்க!”

அதிகாரி சிரித்துக்கொண்டே கை நீட்டினார். சிமென்டு தூசியைத் துடைக்கவும் மறந்து சுப்பையன் கையைக் கொடுத்தார். கண்ணில் நீர் வந்தது. அத்தனை சந்தோஷம் அவருக்கு.