கழுவாத வேர்

1963 ஐப்பசியில், திருச்சியில் ஒரு கல்லூரியின் தாவரவியல் ஆய்வுக்கூடத்தில், சீசாக்களுக்குள் வளர்ந்த நூற்று நாற்பது சுண்டைக்கன்றுகளுக்கும் தண்டில் ஒரே இடத்தில், ஒரே சாய்வில் அரிவாள் வெட்டு இருந்தது. சுண்டை வேர்ச்செடியின்மேல் கத்திரியை ஒட்டுக்கட்டினால் வாடல் நோய் அண்டாது. அதற்காக வேர்த் துணுக்குகளை இளநீர் கலந்த கூழில் போட்டுக் கன்றாக்கிக்கொண்டிருந்தார் பேராசிரியர் ஸ்தனிஸ்லாஸ். வெட்டைப் பார்த்தவர், நல்லவேளை பூஞ்சை இல்லை என்று எழுதிவைத்துவிட்டுச் சாப்பிடப் போனார்.

காரணம், சீசா கழுவும் அமலராணிக்குத் தெரியும். தொட்டியத்தில் வாய்க்கால் தண்ணீர்த் தகராறில் அவள் கணவன் அற்புதசாமியின் கழுத்தை அறுத்த அரிவாள், நிற்காமல் போய்க் கரையிலிருந்த சுண்டை வேரில் பதிந்தது. வெட்டியவன் ரங்கசாமி. பார்த்த பதினோரு பேரும் பார்க்கவில்லை என்றார்கள், கோர்ட்டு விட்டுவிட்டது. அமலராணி அந்த வேரைப் பெயர்த்துக் கூடத்துக்குக் கொண்டுவந்தாள். துணுக்கை பிளீச்சிங் பவுடர் தண்ணீரில் கழுவித்தான் சீசாவில் போடவேண்டும். அதில் காய்ந்திருந்தது புருஷனின் ரத்தம். கழுவ மனம் வரவில்லை, அப்படியே போட்டாள்.

தை மாதம், கூடத்தில் கன்று தருகிறார்கள் என்று கேள்விப்பட்டு ரங்கசாமியே வந்தான். இரண்டு போகம் கத்திரி வாடி, ஆள் நொடித்துப்போயிருந்தான். தண்டிலிருந்த வெட்டை ஒட்டுக்கட்டக் கீறிவைத்தது என்று நினைத்துக்கொண்டான்.

“பழசையெல்லாம் மனசுல வச்சுக்காதீங்கம்மா.”

“மனசுல வைக்கலீங்க. செடியிலதான் வச்சிருக்கேன். அத்தனையும் எடுத்துட்டுப் போங்க” என்றாள் அமலராணி. ஈரச்சாக்கில் அவளே கட்டிக்கொடுத்தாள். அன்றைக்கு அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது.

தன் வயலில் நூற்று நாற்பதாவது கன்றை நட்டவன் நிமிரவில்லை. உடம்பில் நூற்று நாற்பது வெட்டு. பட்டப்பகல், பக்கத்தில் ஆளில்லை, மண்வெட்டி தவிர இரும்பில்லை. கன்றுகளின் தண்டுகள் மட்டும் தழும்பில்லாமல் ஆறியிருந்தன. போலீஸ்காரர்கள் நாலு செடியைப் பிடுங்கிப் பார்த்துவிட்டு, மறுபடி நட்டுத் தண்ணீரும் ஊற்றிவிட்டுப் போனார்கள்.

பங்குனியில் ரங்கசாமியின் மனைவி பொன்னுத்தாய் பஸ் ஏறி வந்தாள். முந்தானையை அவிழ்த்தாள். அந்த வயலின் சுண்டை வேர் ஒன்று, ரத்தம் காய்ந்து கறுத்திருந்தது.

“இதையும் வளத்துக் குடுங்க. உங்க வீட்டு வாசல்ல நடணும்.”

அமலராணிக்குப் பயம் வரவில்லை. அழுது வீங்கிய அந்த முகத்தைப் பார்த்தாள். தன் முகமும் இப்படித்தான் இருந்திருக்கும். வேரை வாங்கி, கழுவாமலே துணுக்குப் போட்டு, சீசாவை அடைத்தாள்.

“ஆவணி பத்துக்கு மேல வாங்க, கன்னு ரெடியா இருக்கும். வீடு தென்னூர்ல. வழி சொல்றேன், கேட்டுக்குங்க” என்றாள்.