கறுப்பின் நடை

அன்று காலை இறக்கக்கண்டிக் கரையில் சோமசேகரத்தைப் போலச் சந்தோசப்பட்ட ஆளும் இல்லை, அவரைப் போலப் பயந்த ஆளும் இல்லை. இரண்டுக்கும் காரணம் அவருடைய கண்தான், பிள்ளைகளே.

மாரியில் கடல் கொந்தளித்து, கரைவலைகள் எல்லாம் வாடிக் கொட்டிலுக்குள் சுருண்டு கிடந்த மாதங்களில், திருகோணமலை ஆஸ்பத்திரியில் அவருக்கு இரண்டு கண்ணிலும் படலம் எடுத்தார்கள். கட்டு அவிழ்த்து வீட்டுக்கு வந்த அன்று அவர் பெண்சாதி புஸ்பராணியைக் கதிரையில் இருத்தி வைத்து வெகுநேரம் பார்த்தார்.

“நீ இவ்வளவு கறுப்பே?” என்று கேட்டார்.

“ஏன், இவ்வளவு காலமும் வேற ஆரோடயோ குடும்பம் நடத்தினனீங்கள்?” என்றாள் புஸ்பராணி. வாய்தான் அப்படிச் சொன்னது. அவர் பார்த்த பார்வையில், பேரப்பிள்ளை கண்ட வயதில், அவளுக்கு வெட்கமே வந்துவிட்டது.

அன்று பிடித்தது அவருக்கு ஒரு கிறுக்கு. படலம் மூடியிருந்த வருசங்களில் எல்லாக் கறுப்பும் அவருக்கு ஒரே பழுப்பேறிய கறுப்பு. இப்போது பார்த்தால் காகத்தின் கழுத்தில் நீலம் ஓடுகிறது, குசினிச் சுவர்க் கரி மினுங்குகிறது. மழை இருட்டு ஒரு விதம், கரண்ட் போன இருட்டு இன்னொரு விதம். முன்பு நாலு மணிக்கே அவருக்குப் பொழுதுபட்டு மம்மலாகிவிடும். இப்போது காகம் குருவி எல்லாம் அடைந்த பிறகும் மம்மல் வரக் காணோமே என்று வாசல் படலையடியில் போய் நின்று பார்த்துக்கொண்டிருப்பார். வானம் கறுத்தாலும் கறுப்பு, கோபத்தில் ஒருத்தியின் முகம் கறுத்தாலும் கறுப்பு, பசியில் கண் இருண்டாலும் இருட்டு, இத்தனைக்கும் இந்தக் கொஞ்சச் சொல்லை வைத்துக்கொண்டு சனம் எப்படித்தான் கதைத்து முடிக்குது என்று வீட்டுக்கு வந்தவர்களை எல்லாம் மறித்துக் கேட்டார். அவர்களுக்குக் கொடுத்த பால் விடாத பிளேன்டியையும் விடவில்லை. குடிக்க முன்னம் எட்டிப் பார்த்து, இது கறுப்பில்லை, சிவப்பு முற்றினது என்று தீர்ப்புச் சொன்னார்.

கடற்கரையில் மட்டும் அந்தச் சொல்லுக்கு ஒரே பொருள். “கறுப்புத் தெரியுதோ?” என்று அங்கே ஒருவன் கேட்டால் மீன் தெரிகிறதா என்றுதான் கேட்கிறான். மீன்கூட்டம் கரைக்குக் கிட்ட வந்தால் தண்ணீருக்குள் ஒரு பாய் விரித்த மாதிரிக் கறுப்பாகத் தெரியும். மணல்மேட்டில் ஒருவர் நின்று அதைக் கண்டு, துண்டை வீசிக் கூப்பிடவேணும். உடனே தோணி வலையோடு பாய்ந்து போய், அந்தக் கறுப்பை வளைத்துச் சுற்றிவரும். கரையில் நிற்பவர்கள் இரண்டு பக்கக் கயிற்றையும் பிடித்து இழுப்பார்கள். ஸெய்னுதீன் முதலாளியின் வலைக்கு அப்படிக் கூப்பிடுகிறவர் சோமசேகரம்தான். முகில் நிழலும் கடலில் கறுப்பாகத்தான் விழும், ஆனால் மீனின் கறுப்பில் ஒரு சிவப்பு ஓடும், நிழலில் ஓடாது. இதுதான் அவர் கண்ட அடையாளம். கேட்டவர்களுக்கெல்லாம் அதையே சொன்னார்.

அந்தக் கரையில் வலைகளுக்கு முறை உண்டு. விடியத் தொடங்கி மத்தியான லுஹர் பாங்கு கேட்கும்வரை ஒரு வலை, பாங்கு கேட்டதும் அடுத்த வலை. பள்ளிவாசலுக்குப் போகிறவர்களுக்கும் கோயிலுக்குப் போகிறவர்களுக்கும் அதே பாங்குதான் மணிக்கூடு. இன்னொன்றும் உண்டு: தோணியின் மூக்கு தண்ணீரில் பட்டால் அதோடு முறை முடிந்தது. மீன் வந்தாலும் சரி, பாசி வந்தாலும் சரி, இரண்டாம் தரம் கேட்க ஏலாது.

மாரி முடிந்த பிறகு ஸெய்னுதீனுக்கு வந்த முதல் முறை அன்று. முதல் நாளே அவர் சோமசேகரத்தின் வீட்டுக்கு வந்து, சுற்றி வளைத்துக் கதைத்து, கடைசியில் விசயத்தைச் சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

“நாளைக்குப் பாப்பம் சோமண்ணே. சரிவராட்டி கஜீபன் மேட்டில ஏறட்டும். நீங்க கீழ நிண்டு கயிறு இழுங்க.”

கஜீபன் தோணியில் துடுப்புப் போடுகிறவன். இளம் கண், குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனாலும் மணல்மேட்டிலிருந்து கீழே இறங்குவது என்பதைச் சோமசேகரத்தால் நினைத்துப் பார்க்கவும் ஏலவில்லை.

மேட்டில் ஏறி நின்றவர் முதலில் எல்லாவற்றையும் மறந்துபோனார். அப்படி ஒரு கடலை அவர் எத்தனை வருசமாகக் காணவில்லை! புறாமலைத் தீவு வரைக்கும் பச்சையும் நீலமுமாக அடுக்கடுக்காய் விரிந்து கிடந்தது. கல்லுக் கிடக்கும் இடம் ஒரு கறுப்பு, ஆழம் ஒரு கறுப்பு, பாசி ஒரு கறுப்பு. அவர் வாய்விட்டுச் சிரித்தார். கீழே நின்றவர்கள் மீனைக் கண்டுவிட்டார் என்று நினைத்துத் தோணியில் கை வைத்துவிட்டார்கள்.

பிறகுதான் சிரிப்பு நின்றது. இத்தனை கறுப்பிலும் எங்கேயும் சிவப்பு இல்லை.

வெயில் ஏறிய நேரம் குச்சவெளிப் பக்கமிருந்து ஒரு கறுப்பு வந்தது. கஜீபன் கீழிருந்து அண்ணாந்து பார்த்தான். சோமசேகரம் கண்ணைச் சுருக்கிப் பார்த்தார், விரித்துப் பார்த்தார். சுத்தமான கருநீலம். முகில் என்று சொல்லிவிட்டார். அது அவர்களைத் தாண்டிக் கொஞ்சத் தூரம் போனதும், அதன் மேல் கடற்பறவைகள் பொத்துப் பொத்தென்று விழுந்தன. வாயில் மீனோடு எழும்பின. கரை முழுக்கக் கண்டது.

அடுத்த முறைக்காரர் ஜமால்தீன். அவருடைய ஆட்கள் வாடி நிழலில் காத்துக்கொண்டிருந்தார்கள்.

“சோமண்ணைக்குப் புதுக் கண் போட்டதில கடல் வெளுத்துப் போச்சாக்கும்” என்றார் ஜமால்தீன்.

எல்லோரும் சிரித்தார்கள். ஸெய்னுதீன் மட்டும் சிரிக்கவில்லை. அவர் சிரித்திருந்தாலாவது சோமசேகரத்துக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

அந்த நேரம் பார்த்துப் புஸ்பராணி மேட்டில் ஏறி வந்தாள். அவர்களுடைய வீடு மேட்டுக்கு நேர் பின்னால். வெயிலில் போட டொக்டர் சொன்ன கறுப்புக் கண்ணாடியை மறந்துவிட்டு வந்ததற்கு ஒரு பாட்டம் ஏசி, கையோடு கொண்டுவந்ததை அவர் மூக்கில் மாட்டிவிட்டாள்.

சோமசேகரம் துள்ளிவிட்டார். சிவப்பு வந்துவிட்டது! கடலில் அடுத்த கறுப்பு வந்துகொண்டிருந்தது, அதில் பழைய சிவப்பு அப்படியே ஓடியது. துண்டைத் தோளிலிருந்து உருவினார். கீழே தோணியைத் தூக்கிப் பிடித்துவிட்டார்கள். ஒரு வீச்சுத்தான் பாக்கி. அப்போது முதலாளிக்குத் தெரிகிறதா என்று ஒருக்கால் திரும்பிப் பார்த்தார். ஸெய்னுதீனின் வெள்ளைத் தொப்பியிலும் சிவப்பு ஓடியது. மணலிலும் ஓடியது. பெண்சாதியின் பல்லிலும் ஓடியது.

தூக்கிய கை அப்படியே நின்றது. சிவப்பு கண்ணாடியில்தான் இருந்தது. முன்பு அது அவர் கண்ணில் இருந்திருக்கிறது. மீனுக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.

“அப்ப இவ்வளவு காலமும் நான் எதைப் பாத்துக் கூப்பிட்டனான்?” என்று பெண்சாதியிடம் கேட்டார்.

“கடல் எனக்கென்ன தெரியும்? நீங்கள் கூப்பிட முந்தி உங்கட கால் நடக்கும். இஞ்சால ரெண்டு எட்டு, அங்கால ஒரு எட்டு. அதைப் பாத்துத்தானே நான் குசினிக்க இருந்து எழும்பிக் கறிச்சட்டியைக் கழுவுறனான்.”

அவர் அவளை ஒரு பார்வை பார்த்தார். கண்ணாடியைக் கழற்றி அவள் கையில் கொடுத்தார். இனி நிறத்தைத் தேடுவதில்லை, காலை நம்புவது என்று முடிவெடுத்து, செருப்பையும் கழற்றிவிட்டுச் சுடுமணலில் நின்றார்.

அந்தக் கறுப்பு கிட்ட வந்தது. காற்றுப் போன பக்கமே ஒரே சீராக, பஸ் பிடிக்கப் போகிறவன் மாதிரி, அங்கும் இங்கும் பாராமல் போனது. கால் அசையவில்லை. அது முகில். துண்டை வீசியிருந்தால் முறை போயிருக்கும்.

சூரியன் உச்சிக்கு வந்துவிட்டது. ஜமால்தீனின் ஆட்கள் எழும்பிச் சாரத்தை மடித்துக் கட்டத் தொடங்கினார்கள். கஜீபன் மேட்டையே பார்த்துக்கொண்டு நின்றான். ஸெய்னுதீன் கடலையும் பார்க்கவில்லை, மேட்டையும் பார்க்கவில்லை, தன் பெருவிரலால் மணலைக் கிண்டிக்கொண்டிருந்தார்.

கல்லுப் பக்கமிருந்து இன்னொரு கறுப்பு வந்தது. வந்தது, நின்றது. எதற்கோ பயந்த மாதிரி ஒடுங்கியது, பிறகு நீண்டது. காற்று ஒரு பக்கம் போக அது மறுபக்கம் திரும்பியது. சோமசேகரத்தின் இடது கால் தானாக ஒரு எட்டு வைத்தது. பிறகு வலது கால். பின்னால் புஸ்பராணி மூச்சை இழுத்துப் பிடித்தது அவருக்குக் கேட்டது. பள்ளி ஒலிபெருக்கி “கர்ர்” என்று தொண்டையைச் செருமிக்கொண்டது. அதுவும் கேட்டது.

துண்டைத் தலைக்கு மேலே சுழற்றி, நெஞ்சு வெடிக்கக் கூப்பிட்டார்.

தோணி மணலைக் கிழித்துக்கொண்டு போய்த் தண்ணீரில் மூக்கை வைத்தது. அதன் பிறகுதான் பாங்கின் முதல் சொல் கரைக்கு வந்தது. ஜமால்தீன் வாயைத் திறந்தார், ஈரமான தோணி மூக்கைப் பார்த்தார், திறந்த வாயை மூடிக்கொண்டார்.

அதற்குப் பிறகு கரையில் ஆர் எந்த வலைக்காரர் என்று பார்க்க நேரமில்லை. மேட்டிலிருந்து சோமசேகரம் இடது கையை நீட்டினால் தோணி இடது பக்கம் வளைந்தது, வலது கையை நீட்டினால் வலது பக்கம். வலை வளைந்து முடிந்து கயிறு கரைக்கு வந்ததும், ஜமால்தீனின் ஆட்களும் ஓடிவந்து பிடித்தார்கள். இழுக்க இழுக்கக் கயிறு கனத்தது. கனத்த கயிற்றைக் கண்டு இழுப்பவர்களின் பாட்டும் உரத்தது. வலையின் மடி கரை தொட்டபோது, அதற்குள் தண்ணீர் கொதிப்பது போல மீன் துடித்தது.

ஸெய்னுதீன் முழங்கால் தண்ணீரில் நின்று இரண்டு கையாலும் அள்ளிப் பார்த்தார். எல்லாம் சின்னக் கீரி மீன்.

“பாரை வருமெண்டல்லோ பாத்தன், சோமண்ணே.”

“கறுப்பெண்டுதான் கூப்பிட்டனான். பேர் சொல்லிக் கூப்பிட்டனானோ?”

ஸெய்னுதீன் சிரித்தார். காலையிலிருந்து அடக்கி வைத்த சிரிப்பெல்லாம் சேர்ந்து வந்தது. சோமசேகரம் இறங்கி ஓடிவந்த அவசரத்தில் விழுத்திய துண்டை எடுத்து, மணலைத் தட்டி, அவருடைய தோளில் தானே போட்டார்.

“அடுத்த முறைக்கும் இது உங்கட தோளில கிடக்கட்டும். கஜீபன் கயிறு இழுக்கட்டும்.”

புஸ்பராணி கறிச்சட்டியோடு வந்து பார்த்தபோது கரை முழுக்கக் கூடையும் சத்தமுமாக இருந்தது. அவள் புருசன் மட்டும் ஒரு பக்கமாகக் குந்தியிருந்து, ஒரே ஒரு கீரி மீனை உள்ளங்கையில் வைத்து, அதன் முதுகை வெயிலில் இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“இஞ்ச வந்து பார், புஸ்பம்” என்றார். “இது இன்னொரு கறுப்பு.”