இடது கதவில் அம்மா

ரிட்டையரான சர்வேயர் தன் நீலக் காரின் பானட்டுக்குப் பாலிஷ் போட்டுத் துணியால் துடைத்தபோது, எதிர்வீட்டு மாடி அதில் தெரியவில்லை. மாடி கட்டுவதற்கு முந்தைய வீடுதான் தெரிந்தது. அதன் வாசலில் எதிர்வீட்டுக்காரர் தலை நிறைய முடியோடு நின்று பல் துலக்கிக்கொண்டிருந்தார். சர்வேயர் திரும்பிப் பார்த்தார். மாடி இருந்த இடத்தில்தான் இருந்தது. எதிர்வீட்டுக்காரரின் வழுக்கையும் அப்படியே. நட்ட கல் ஓரிடத்திலும் வரைபடம் வேறிடத்திலுமாக இருப்பதை வேலைக்காலம் முழுக்கப் பார்த்துப் பழகியவர் என்பதால் அவர் அலட்டிக்கொள்ளவில்லை. பாலிஷ் மெஷினின் ஒயரைச் சுற்றி வைத்துவிட்டு, "இங்க வந்து பாருங்க, உங்களுக்கு ஒரு காலத்துல எவ்வளவு முடி!" என்று கூப்பிட்டார். எதிர்வீட்டுக்காரர் சாப்பாட்டு நேரம் வரை பானட்டை விட்டு நகரவில்லை. அவர் மனைவி வந்து கையைப் பிடித்து இழுத்துப் போக வேண்டியிருந்தது. போகும்போது அந்த அம்மாவும் பானட்டை ஒரு தடவை திரும்பிப் பார்த்துக்கொண்டுதான் போனார்.

கார் பல வருஷமாக ஷெட்டுக்குள் உறை போட்டுக் கிடந்தது. சர்வேயரின் மனைவி டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டராக இருந்தவர். அவர் இறந்த பிறகு சர்வேயர் காரை எடுக்கவில்லை. அப்போது மூத்த மகள் பள்ளிக்கூடம் போகத் தொடங்கியிருந்தாள். இளையவளுக்குத் தவழக்கூடத் தெரியாது. பிறகு மூத்தவள் கல்யாணமாகி வெளியூர் போனாள், இளையவள் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கும் வேலையில் சேர்ந்தாள், கார் மட்டும் இருந்த இடத்திலேயே இருந்தது. "சும்மா இடத்த அடைச்சிட்டு நிக்குது, யாருக்காவது குடுத்துடலாம்பா" என்று இளையவள் நச்சரித்ததால்தான் அவர் பாலிஷ் போடக் கிளம்பினார். ஒர்க்ஷாப்காரர்கள் மேல் அவருக்கு என்றைக்குமே நம்பிக்கை கிடையாது. சின்னதாக ஒரு பஃபிங் மெஷினும் அதன் முகத்தில் ஒட்டும் ஃபோம் பேடுகளும் வாங்கி வந்தார். கீறலை எடுக்கக் கரடான மஞ்சள் பேடு, மஞ்சள் விட்டுப்போகும் மங்கலை எடுக்க வெள்ளை, கடைசியில் பளபளப்புக்கு மெத்தென்ற கறுப்பு. விளிம்புகளில் டேப் ஒட்டி, பேடை லேசாக நனைத்து, பாலிஷைச் சின்னச் சின்னப் பொட்டாக வைத்து, முதலில் மெதுவாக ஓட்டிப் பரப்பி, பிறகு வேகம் கூட்டி, ஒரு கட்டம் முடிந்த பிறகே அடுத்த கட்டத்துக்குப் போவார். நிலம் அளந்த கை, வேறு எப்படிப் போகும். மஞ்சளிலும் வெள்ளையிலும் ஒன்றும் நடக்காது. கறுப்புப் பேடு போட்டுத் துடைத்த பிறகுதான், அந்தத் தகடு எப்போதோ ஒருநாள் எதிரில் கண்டதைக் காட்டும். சாயந்திரத்துக்குள் தூசு படிந்து மங்கிவிடும். மறுபடி தேய்த்தால் அதற்கும் முந்தின நாள் ஒன்று வரும். காரை விற்கும் பேச்சு அத்தோடு நின்றது.

எங்கள் தெருவுக்கு அது நல்ல காலம். தையல்காரரின் சைக்கிள் காணாமல் போன பழைய வழக்கு டிக்கியில் தீர்ந்தது. ஓட்டிப் போனது அவருடைய சொந்த மச்சான். இரண்டு வீட்டுக்காரர்கள் முகம் பார்க்காமல் இருந்ததற்குக் காரணமான மதில் முதலில் எங்கே இருந்தது என்பதைப் பின்கதவு காட்டியது. இருவரும் சொன்னது தப்பு என்று தெரிந்ததால் சமாதானமாகிவிட்டார்கள். கூரையில் பழைய மேகங்கள் மட்டும் போகும். அதைப் பார்க்கவும் ஆள் இருந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் அவரவர் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்து உட்கார்ந்து, இடித்துத் தள்ளிய பேக்கரியையும், வெட்டிப்போட்ட மரத்தையும், எல்லார் வீட்டிலும் சாப்பிட்டுவிட்டு யார் வீட்டையும் காவல் காக்காத அந்தச் செவலை நாயையும் பார்த்துக்கொண்டிருப்போம். என்ன அழகான தெரு அது! அங்கே இருந்தபோது ஒருத்தருக்கும் அது தெரியவில்லை, அதை நினைத்தால்தான் வயிற்றெரிச்சல்.

பக்கத்துத் தெருவில் கார்களுக்கு வர்ணம் அடிக்கும் பெயிண்டர் மட்டும் வேறு ஒன்றைப் பார்த்தார். "சார், பேடப் பாருங்க, நீலமா இருக்கு. பழைய பெயிண்ட், மேல வார்னிஷ் கிடையாது. நீங்க தேய்க்கத் தேய்க்க அதேதான் கழண்டு வருது. எத்தனை தடவை தாங்கும்?" சர்வேயருக்கும் தெரியாமல் இல்லை. பேடுகளைக் கழுவும் வாளித் தண்ணீர் ஒவ்வொரு முறையும் நீலமாகத்தான் இருந்தது. அவர் வாளியைச் சாக்கடையில் கவிழ்த்தார்.

இளையவளுக்கு மதிலும் வேண்டாம், சைக்கிளும் வேண்டாம். அம்மா வேண்டும். வீட்டில் போட்டோக்கள் இருந்தன. போட்டோவில் எல்லாரும்தான் அசையாமல் நிற்கிறார்கள். அம்மா எப்படி நடப்பாள், எப்படித் திரும்புவாள், தன்னைத் தூக்கினால் எந்த இடுப்பில் வைத்துக்கொள்வாள் என்று அவளுக்குத் தெரிய வேண்டியிருந்தது. பானட்டில் அம்மா முதுகைக் காட்டிக்கொண்டு தெருவில் இறங்கிப் போனாள். பின்கதவில் முழங்கை மட்டும் வந்தது. அம்மா தினமும் ஏறியது இடது முன்கதவில். ஏறுவதற்கு முன் குனிந்து, அந்தக் கதவில் முகம் பார்த்து, முடியை ஒதுக்கிக்கொள்ளாமல் அந்த அம்மாள் ஒருநாளும் வேலைக்குப் போனதில்லை என்பது தெருவுக்கே தெரியும். அந்தக் கதவின் மேல்தான் சர்வேயர் ஒரு பழைய போர்வையைத் தொங்கவிட்டிருந்தார். கேட்கும்போதெல்லாம், "அதுல பெயிண்ட் உரிஞ்சுபோச்சும்மா, மெஷின் வெச்சா தகடு வந்துரும்" என்பார். பெற்ற அப்பா சொல்கிறார். அவள் நம்பினாள்.

மூத்தவள் லீவுக்கு வந்தாள். ஒரு மத்தியானம், தங்கை டியூட்டியில் இருந்த நேரம், ஷெட்டில் மெஷின் சத்தம் கேட்டு அப்பாவுக்குக் காப்பி கொண்டுபோனாள். போர்வை கீழே கிடந்தது. அப்பா ஸ்டூல் போட்டுக் கதவுக்கு முன்னால் உட்கார்ந்து, "இன்னிக்காவது சீக்கிரம் வந்துடு, என்ன" என்று கதவிடம் சொல்லிக்கொண்டிருந்தார். கதவில் அம்மா, மூத்தவளைவிடச் சின்ன வயசில், ஹேர்பின்னைப் பல்லில் கடித்துக்கொண்டு முடியை வாரிச் சேர்த்துக்கொண்டிருந்தாள். கதவின் ஓரமெல்லாம் நீலம் போய் அடியிலிருந்த சாம்பல் நிறப் பிரைமர் தெரிந்தது. அன்று சாயந்திரம் வீடு ரெண்டுபட்டது. "தினம் தினம் நீங்க மட்டும் பாத்துப் பாத்தே தேச்சுத் தீத்திருக்கீங்க! நானாவது அம்மா கையால சாப்பிட்டவ. இவளுக்கு என்னப்பா இருக்கு?" என்று மூத்தவள் கத்தியது கடைசி வீடு வரை கேட்டது. இளையவள் யூனிஃபார்மைக்கூட மாற்றாமல் நின்றிருந்தாள். கத்தவில்லை. "முதல் தடவை தேய்ச்சப்ப வந்த நாள்ல நான் இருந்தேனாப்பா?" என்று மட்டும் கேட்டாள்.

இதற்கு மேல் பொய் சொல்ல அவருக்குத் தெம்பில்லை. இருந்தாள். முதலில் வந்தவை கடைசிக் காலத்து நாட்கள். மனைவி எலும்பும் தோலுமாகக் கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றார். இவள் பிறந்த வேளைதான் அம்மாவைப் படுக்கையில் தள்ளியது என்று சொந்தக்காரர்கள் பேசிய பேச்சு இளையவள் காதில் விழாமல் வளர்த்தவர் அவர். அந்தக் கோலத்தில் அம்மாவைக் காட்ட மனசு வரவில்லை. சீக்கு நாட்களைத் தேய்த்து எடுத்துவிட்டு, நன்றாக இருக்கிற அம்மாவைக் காட்டலாம் என்று நினைத்தார். நன்றாக இருக்கிற நாளும் வந்தது. நாளைக்குக் கூப்பிடலாம் என்று இருந்தார். மறுநாளும் அப்படியே நினைத்தார். கதவில் தன் முகத்தைத் தானே பார்த்துச் சிரிக்கிறவள் அவரைப் பார்த்துச் சிரிப்பது போலவே இருந்தாள். மனுஷன் என்னதான் செய்வார்.

"சீக்கா இருந்தா என்னப்பா? நான் அம்மா இடுப்புல இருந்தேன்ல?" என்றாள் இளையவள்.

அந்த நாட்களைக் கழுவிய தண்ணீர் எப்போதோ சாக்கடையில் போய்ச் சேர்ந்திருந்தது. சர்வேயர் வாய்விட்டு அழுததை எங்கள் தெரு அன்றுதான் கேட்டது. மனைவி போன நாளில்கூட அவர் அழுததாக யாருக்கும் ஞாபகமில்லை.

மறுநாள் பெயிண்டர் வந்து கதவை விரலால் தடவிப் பார்த்து, "இன்னும் ஒரே ஒரு தடவை. அதுவும் மெஷின் ஆகாது, கையால" என்றார். சர்வேயர் கறுப்புப் பேடை இளையவளிடம் கொடுத்துவிட்டு, வாசலுக்குப் போய் முதுகைக் காட்டி நின்றுகொண்டார். அந்த ஒரு நாளைப் பார்க்க அவருக்கு இருந்த ஆசை தெரிந்தவர்களுக்குத்தான் அது எவ்வளவு பெரிய காரியம் என்று புரியும். மூத்தவளும் போய் அப்பா பக்கத்தில் நின்றாள். இளையவள் பேடை உள்ளங்கையில் வைத்து, அழுத்தாமல், சின்ன வட்டங்களாகத் தேய்த்தாள். துடைத்தாள். வந்தது கார் வாங்கிய நாள். அம்மா கல்யாணமான புதுசு, பிள்ளை என்ற பேச்சே எழாத காலம். குனிந்து முகம் பார்த்தாள், முடியை ஒதுக்கினாள், யாரோ பின்னாலிருந்து ஏதோ சொன்னதற்குத் திரும்பிச் சிரித்தாள். இளையவள் கதவருகே முகத்தைக் கொண்டுபோனாள். அம்மாவுக்கு அங்கே என்ன தெரிந்ததோ, புதுக் காரில் அதற்குள் அழுக்கா என்று நினைத்தாளோ, நெற்றியைச் சுருக்கினாள். கட்டைவிரலை நாக்கில் தொட்டு, இளையவளின் கன்னம் இருந்த இடத்தில் அழுத்தித் துடைத்தாள். போகவில்லை. விடாமல் மறுபடியும் துடைத்தாள். இளையவள் மூச்சுக்கூட விடாமல் கன்னத்தைக் கதவோடு சேர்த்து வைத்துக்கொண்டாள். விரல் ஈரமாகவும் சூடாகவும் இருந்ததாகப் பிறகு சொன்னாள்.

தூசு படியும் வரை அவளை யாரும் கூப்பிடவில்லை. அவள் எழுந்தபோது கதவில் ஒரு கட்டைவிரல் அகலத்துக்கு நீலம் போயிருந்தது. அது உள்பக்கமிருந்து தேய்ந்திருக்கிறது என்று பெயிண்டர் பார்த்துச் சொல்லிவிட்டுத் தன் வேலையைப் பார்க்கப் போனார். இளையவளின் கன்னத்தில் அதே அகலத்தில் நீலம் ஒட்டியிருந்தது. சர்வேயர் பதறிப்போய்ப் பஞ்சைப் பெயிண்ட் போக்கும் தின்னரில் நனைத்துக் கொண்டுவந்தார். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பஞ்சைக் கையில் வைத்துக்கொண்டே, "எப்படிம்மா இருந்தா?" என்று கேட்டார். "என்னைவிடச் சின்னப் பொண்ணுப்பா" என்றாள். மூத்தவள் இரண்டு பேருக்கும் சோறு போட்டாள், சாப்பிட்டார்கள்.

அதன் பிறகு யாரும் அதற்குப் பாலிஷ் போடவில்லை, கார் வெறும் கார். சர்வேயர் அதை மறுபடி ஓட்டத் தொடங்கி, கண் பார்வை குறையும் வரை இளையவளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் விட்டார். வருஷங்கள் போய், அவளுக்கும் தலை நரைத்து, அவள் மகளுக்கே கல்யாண வயது வந்துவிட்டது. கன்னத்து நீலம் மட்டும் மங்கவில்லை. எக்ஸ்ரே மேஜையில் படுக்கிற நோயாளிகள் வலியிலும் சும்மா இருக்க மாட்டார்கள். "கன்னத்துல பெயிண்ட் ஒட்டியிருக்கும்மா" என்பார்கள். "தெரியும், எங்கம்மா தொடச்சுவிட்டது" என்பாள். "சரியா தொடைக்கலையே" என்பார்கள். "அவங்க எப்பவும் அப்படித்தான், அவசரக்காரி" என்று சொல்லிவிட்டு, மூச்சைப் பிடித்துக்கொள்ளச் சொல்லி எக்ஸ்ரே எடுப்பாள்.