ஆறு எழுத்துக் கீலின்

பன்னிரண்டு மணிக்கு ஞானஸ்நானம். பதினொன்றே முக்கால் ஆகியும் மாமனார் டைக் இன்னும் காரைவிட்டு இறங்கவில்லை. நான்கு தலைமுறைப் பிள்ளைகள் போட்ட வெள்ளை அங்கி அவர் மடியில் இருந்தது. அது வராவிட்டால் குழந்தையை அவர் பேத்தியாகவே ஏற்கவில்லை என்று அயர்லாந்தின் அந்த டிங்கிள் ஊரே முடிவு கட்டிவிடும்.

குழந்தையோடு சர்ச் வாசலில் நின்ற டெர்வ்லா மறுபடியும் காரை எட்டிப் பார்த்தாள்.

"எல்லாம் உன் பிடிவாதம்," என்றான் கணவன் ஃபீக்ரா. "அந்தப் பதினொரு எழுத்தையும் எழுதித் தொலைச்சிருக்கலாம்."

"ஆகா! பேரு வச்சது ரெண்டு பேரும், பழி மட்டும் எனக்கா?"

கீலின் என்பது கடலில் மூழ்கி இறந்த அவன் அக்காவின் பெயர். பழைய ஐரிஷ் முறையில் எழுதினால் பதினொரு எழுத்து; லண்டனில் எவனுக்கும் வாயில் நுழையாது. பிள்ளை வளரப்போவது அங்கேதான். அதனால் காதில் விழுகிறபடியே ஆறு ஆங்கில எழுத்தில் பதிந்துவிட்டார்கள். டைக்கோ நாற்பது வருஷம் ஐரிஷ் வாத்தியார். கடைப் பலகையில் பிழை கண்டால்கூட சிவப்புப் பேனாவோடு உள்ளே நுழைகிற மனுஷன். மகள் போன நாளிலிருந்து அந்தப் பெயரை அவர் வாய்விட்டுச் சொல்லி யாரும் கேட்டதில்லை. பெயரைப் பதிந்ததிலிருந்து மூன்று வாரமாக இவர்களோடு பேச்சே இல்லை.

குழந்தையை ஃபீக்ராவிடம் கொடுத்துவிட்டு, மழையில் ஓடிப்போய் டெர்வ்லா கார் கதவைத் திறந்தாள்.

"மாமா, நான் தோத்துட்டேன், போதுமா? நாளைக்கே பதிவை மாத்தறோம், பழையபடியே எழுதறோம். இறங்கி வாங்க."

"வேண்டாம்."

அவளுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "அப்ப என்னதான் வேணும்? பச்சைக் குழந்தைகிட்டயா உங்க வீம்பு?"

அவர் அங்கியின் ஓரத்தைத் திருப்பினார். அதைப் போட்ட பிள்ளைகளின் பெயரெல்லாம் அங்கே வரிசையாக நூலில் தைத்திருந்தது. மகளின் பதினொரு எழுத்து, அடுத்து ஃபீக்ரா. அதற்கும் கீழே புது நீல நூலில், கோணல்மாணலாக, ஆறே எழுத்து.

"முதல்ல பழைய மாதிரிதான் தைச்சேன்," என்றார். விரல் நுனியெல்லாம் ஊசி குத்திய புள்ளி. "கல்லறையில இருக்கறதும் அதே எழுத்துதாம்மா. என்னால பார்க்க முடியல. பிரிச்சுட்டேன். அது அவளோடயே இருக்கட்டும்."

"இதை உள்ளே வந்து சொல்றதுக்கென்ன?"

"வாத்தியார் தைச்ச லட்சணத்தைப் பார்த்து ஊர் சிரிக்குமே."

டெர்வ்லா அங்கியைக் கோட்டுக்குள் பொத்திக்கொண்டு கையை நீட்டினாள். பிடித்துக்கொண்டு இறங்கினார்.

குழந்தைக்கு என்ன பெயர் என்று பாதிரியார் கேட்டார். பெற்றவர்கள் இருவரும் டைக்கைப் பார்த்தார்கள்.

"கீலின்," என்றார் டைக், கடைசி பெஞ்சுவரை கேட்கும்படி.