ஏழு திங்கட்கிழமைகளில் பார்த்த அக்கா

1

இந்தக் கதை என் சோம்பலில் பிறந்தது. ஓர் ஆய்வகத்தில் நுண்ணோக்கி இயக்கும் அக்காவைப் பற்றி எழுத ஆசைப்பட்டேன். வாரம் ஒருமுறை, திங்கட்கிழமை மட்டும் போய்க் குறிப்பெடுத்தேன். ஏழு வாரமும் அவர் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. 'சிடுமூஞ்சி' என்று எழுதிக்கொண்டேன்.

2

தொடக்கம் ஒன்று: சன்னலுக்கு வெளியே மழை... (வேண்டாம். அந்த அறைக்குச் சன்னலே கிடையாது.)

தொடக்கம் இரண்டு: ஆய்வகத் தலைவர் புதுக் கேமரா வாங்கினார். பழையதைவிட நாலு மடங்கு புள்ளிகள் (பிக்சல்). இதுவரை ஒரே பொட்டாகத் தெரிந்த ஆய்வுப்பொருள், இனி இரண்டு பொட்டாகத் தெரியும் என்று மேலிடத்துக்கு எழுதியும் விட்டார். படம் வந்தது. பொட்டு ஒன்றுதான், அதே மங்கலோடு. தலைவர் கணினியில் கூர்மையை ஏற்றிக்கொண்டே போனார். பொட்டு பயந்துபோய் இரண்டானது. இரண்டு தெரிகிறது என்ற அறிக்கையில் அக்கா கையெழுத்துப் போட வேண்டும். அவருடைய ஒப்பந்தம் இந்த மாதத்தோடு முடிகிறது. நீட்டிக்க வேண்டியவரும் தலைவர்தான்.

"லென்ஸ் ஒண்ணாக் கலந்து அனுப்பினதை கேமரா எப்படி சார் பிரிக்கும்?"

"இவ்வளவு பெரிய கேமரா வாங்கியிருக்கோம். ரெண்டு தெரிஞ்சே ஆகணும்மா."

[அடிக்குறிப்பு: ஒளியின் அலைநீளத்தில் ஏறக்குறையப் பாதியைவிட நெருங்கி நிற்கும் இரண்டை லென்ஸ் ஒன்றாகக் குழைத்துவிடும். கேமராவோ, லென்ஸ் காட்டும் மிகச் சிறிய விவரத்துக்கு இரண்டு புள்ளியாவது வைக்க வேண்டும். குறைந்தால் இல்லாத வடிவங்கள் தெரியும். ஆனால் புள்ளிகளை எவ்வளவு கூட்டினாலும் லென்ஸில் குழைந்தது பிரியாது. இதை மூன்றாம் வாரம் அக்காதான் சொன்னார், சிரித்துக்கொண்டே. சிடுமூஞ்சிக்குப் பொருந்தாது என்று அந்தச் சிரிப்பை விட்டுவிட்டேன்.]

3

இன்று ஏழாவது திங்கள். கதவில் ஒட்டியிருந்த தாளை இன்றுதான் படித்தேன்: தலைவரின் ஆய்வுக் கூட்டம், திங்கள்தோறும். நான் போன மூன்றாம் வாரம் மட்டும் ரத்து.

ஆக, நான் அளந்தது கூட்டத்தை, அக்காவை அல்ல. வெட்கமாக இருந்தது. மன்னிப்புக் கேட்டேன்.

"நடுவுல ஒரு நாள் வந்திருக்கலாம்ல," என்றார். மேசைமேல் அறிக்கை இருந்தது, பேனா மூடி திறந்திருந்தது.

4

முடிவு அ: அக்கா கையெழுத்துப் போடுகிறார், வேலை தங்குகிறது.

முடிவு ஆ: 'பிரித்தறிய முடியவில்லை' என்று எழுதிக் கொடுத்துவிட்டு அவர்...

இன்னும் நாலு பக்கம் எழுதினால் தெளிவாகும் என்கிறார் என் பதிப்பாசிரியர். அதுவும் புதுக் கேமராதான். மங்கல் என் கண்ணில் இருக்கிறது.

அறிக்கை நாளை காலை போக வேண்டும். நீங்கள் போய்ப் பாருங்கள். செவ்வாய்க்கிழமை அக்காவை எனக்குத் தெரியாது.