ரெண்டு மந்திரி போதும்

என் ராணியைக் கொன்றது கயல் இல்லை, நான்தான். கூடி நின்றவர்களைத் திரும்பிப் பார்த்து, "இப்பப் பாருங்கடா" என்று சொல்லிக்கொண்டே ராணியை நகர்த்தினேன். பார்க்காமல் வைத்ததில் அது அவளுடைய குதிரைக்கு நேர் வாயில் போய் உட்கார்ந்தது.

"போனாப் போகுது, அவளுக்கும் ஆறுதலா இருக்கட்டும்" என்றேன்.

கம்பம் படிப்பகத்துப் பொங்கல் செஸ் போட்டி, 2001. ஜெயிக்கிற ஒருவர் மட்டும் தேனிக்கு ஆடப் போகலாம். நாலு வருஷமாகப் போனது மோட்டாருக்குச் செம்புக் கம்பியில் காயில் சுற்றிக் கட்டும் சுருளியாண்டியாகிய நான். இந்த முறை கயல் அரைப் புள்ளி முன்னால் இருந்தாள். அவளுக்கு டிரா போதும். நான் ஜெயித்தே ஆக வேண்டும். கயல் கெங்குவார்பட்டியிலிருந்து வாக்கப்பட்டு வந்து, எஸ்.டி.டி. பூத்தில் உட்கார்ந்திருப்பவள். போன் வராத நேரத்தில் செஸ் கற்றுக்கொண்டாளாம். அப்படிப் பார்த்தால் கரண்ட் இல்லாத நேரத்தில் நான் கலெக்டருக்கே படித்திருக்கலாம்.

வெட்டி வெட்டிக் கடைசியில் அவளிடம் மிஞ்சியது ராஜாவும் அந்தக் குதிரையும். என்னிடம் ராஜா, ஒரு மந்திரி, கடைசி வரிசைக்கு ஓரடி முன்னால் ஒரு சிப்பாய். எங்கள் படிப்பகத்தில் ஒரு பழைய வழக்கம் உண்டு. சிப்பாய் கடைசி வரிசையில் எந்தக் காயின் வீட்டில், அதாவது ஆட்டம் தொடங்கும்போது அந்தக் காய் நிற்கும் கட்டத்தில், போய் ஏறுகிறதோ அந்தக் காயாகத்தான் மாறும். நேரே போனால் ராணி வீடு. பக்கத்து மந்திரி வீட்டில் நின்றது குதிரை, என் ராணியைத் தின்ற அதே குதிரை.

குறுக்கே பாய்ந்து வெட்டினேன்.

"ராணி எதுக்குடா? ரெண்டு மந்திரி போதும்!"

இரண்டு மந்திரிகளை வைத்துத் தனி ராஜாவை மூலைக்குத் தள்ளி செக்மேட் வைப்பதை ஒரு புத்தகத்தில் படமாகப் பார்த்திருந்தேன். ஊரில் அந்தப் படத்தைப் பார்த்தவன் நான் ஒருவன்தான் என்று மிதப்பு.

நடுவர் ஞானதுரை வாத்தியார் ஐம்பது புளியங்கொட்டைகளை எண்ணி ஒரு டம்ளரில் போட்டார். நான் ஒவ்வொரு முறை நகர்த்தும்போதும் ஒரு கொட்டை அடுத்த டம்ளருக்குப் போகும். எல்லாம் போய்விட்டால் டிரா.

தோற்கப்போகிறவளாயிற்றே என்று எனக்கு மனசு இளகியது. டீக்கடை மொக்கைச்சாமியிடம் சொல்லி ஒரு வடை வரவழைத்தேன்.

"தின்னு தாயி. தோத்த பெறகு தொண்டையில எறங்காது."

"சரிண்ணே."

தின்றுகொண்டே ராஜாவைக் கறுப்புக் கட்டத்திலிருந்து இன்னொரு கறுப்புக் கட்டத்துக்குத் தள்ளினாள். அடுத்ததும் கறுப்பு. கற்பனை என்பது மருந்துக்கும் கிடையாது.

இருபது கொட்டை போனது.

"மொக்கை, ஆட்டம் எப்பிடிடா?"

"வடைக்குச் சட்னி வேணுமா மாமா?"

முப்பத்தைந்து.

"வாத்தியாரே, சரியாத்தான நெருக்குறேன்?"

"முப்பத்தஞ்சு" என்றார்.

"அதையா கேட்டேன்?"

"ஆடுங்க. முப்பத்தாறு."

கடைசிக் கொட்டை டம்ளரில் விழுந்த சத்தம் வாசல்வரை கேட்டது. "டிரா" என்றார் வாத்தியார். பின்னாலிருந்து எவனோ, "ஏலே, ரெண்டு மந்திரியும் சம்பளத்துக்கு மட்டும் வந்தவங்கடா" என்றான். படிப்பகமே சிரித்தது. பேப்பர் படித்துக்கொண்டிருந்தவர்கூடச் சிரித்தார்.

கயல் காய்களைப் பெட்டியில் அடுக்கினாள். என் மந்திரிகளை மட்டும் அவை நின்ற இடத்திலேயே விட்டிருந்தாள்.

"ஏத்தா, நீயாவது உள்ளதச் சொல்லு. நான் எங்கன விட்டேன்?"

சுற்றி நின்றவர்கள் எல்லோரும் கூரையைப் பார்த்தார்கள். அவள் என்னைப் பார்த்தாள்.

"குதிரைய வெட்டுனீகள்ல, அங்கனதான்ணே. ரெண்டு மந்திரியும் வெள்ளக் கட்டத்துல நிக்குது. மந்திரி குறுக்கதான் ஓடும், நின்ன நெறத்த விட்டு மாறாது. கறுப்புல ஓடுற ராஜாவ அம்பது கொட்ட இல்ல, அஞ்சு மூட்ட கொட்ட போட்டாலும் பிடிக்க முடியாது. நேர போயி ராணி எடுத்திருந்தா நான் தோத்திருப்பேன். நீங்க வடை வாங்கிக் குடுத்தப்ப, சொல்லிருவமான்னு ஒரு நிமிசம் நெனச்சேன். சொல்லல. எனக்குத் தேனிக்குப் போகணும்ணே."